ஒரு ரிலே போட்டுத் தாருங்கள்: கொழும்பு நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

திருகோணமலையில் வீட்டிலிருந்து உங்களுக்கு வேலை செய்யும் கார் மென்பொருள் பொறியியலாளர்களில் ஒருவன் எழுதுகிறேன். தூரத்திலிருந்தே பவரை நிறுத்திப் போட உதவும் சுவிட்சான ஒரு ரிலேயை ஆங்கிலத்தில் கேட்டோம்; கேட்டதெல்லாம் கணினியில் பதியும் கோரிக்கையாக, அதாவது டிக்கெட்டாகி, 'முன்னுரிமை குறைவு' என்று மூடப்பட்டுவிட்டது. உங்களில் பலர் தமிழர் என்பதால் இம்முறை தமிழில் கேட்கிறேன்.

போன கிழமை அந்த டிக்கெட்டை மூடிய அன்றைக்கே, புதிய மாற்றங்களால் பழையது எதுவும் கெடவில்லையா என்று பார்க்கும் ரிக்ரெஷன் சோதனையின் அறிக்கை ஏன் பிந்தியது என்று விளக்கம் கேட்டு மின்னஞ்சலும் வந்தது. இரண்டையும் அனுப்பியவர் ஒருவரே.

ஏன் பிந்தியது என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். காரின் கணினிகளை மேசையில் பொருத்தி மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் ஜெர்மனியில் இருக்கிறது. அங்குள்ளவர்கள் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் அது நெட்வொர்க் வழியாக எங்கள் கைக்கு வரும். குளிர்காலத்தில் அது எங்களுக்கு இரவு பத்தரை. சரி, அதற்குப் பழகிவிட்டோம். மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றும்போது, காருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசியு பாதியில் ஹேங் ஆகிவிட்டால்தான் வினை. பவரை ஒருதரம் நிறுத்திப் போட்டால் எழும்பிவிடும். ஆனால் அந்த சுவிட்சைக் கையால்தான் அழுத்த வேண்டும், சோதனைக் கூடத்திலோ ஆள் இல்லை. காவலாளி பெஞ்சைத் தொடக்கூடாது என்பது உங்கள் பாதுகாப்பு விதி. அதில் தவறும் இல்லை.

கூடத்துக் கமராவில் எல்லாம் தெளிவாகத் தெரியும். பவர் சப்ளையில் சிவப்பு விளக்கு அசையாமல் எரியும். அதற்குப் பக்கத்திலேயே கறுப்பு சுவிட்ச், திரையில் என் சுட்டுவிரல் அகலம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அன்றைய இரவு வேலை. காலையில் கோணேசர் கோயிலுக்குப் புறப்படும் அம்மா, "என்ன தம்பி, உன்ர கார் இன்னும் எழும்பேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போவார். அங்கே டெக்னீஷியன் ஏழரைக்கு வந்து சுவிட்சைத் தட்டும்போது இங்கே மதியம் பன்னிரண்டு. தட்டிய கையோடு பெஞ்ச் ஜெர்மன் குழுவுக்குப் போய்விடும். எங்கள் இரவு போனது போனதுதான்.

நாங்கள் கேட்பது நெட்வொர்க்கில் இயக்கக்கூடிய ஒரு பவர் ரிலே. பெஞ்சுக்கு ஒன்று போதும். திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை வைத்தே செய்துவிடுவார்கள்.

கூட்டங்களில் நீங்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறோம். இனி கார் என்றால் மென்பொருள்தான் என்கிறீர்கள். மென்பொருள் பிந்தியதால் போர்ஷேயின் மின்சாரக் கார் மக்கான் தள்ளிப்போனதைக் காட்டி எங்களை எச்சரிக்கிறீர்கள். மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நின்றால் வண்டி பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டும், அல்லது பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும் என்பது ஐநாவின் 156ஆம் ஒழுங்குவிதி. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். அந்த விதிப்படி ஓடவேண்டிய மென்பொருளைச் சோதிக்கும் பெஞ்ச் மட்டும், யாராவது வந்து ஒரு விரலை வைக்கும்வரை காத்திருக்கிறது. வாழ்க பொறியியல்!

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் மென்பொருள் ஓடும் காரை எங்கள் குழுவில் ஒருவரும் நேரில் கண்டதில்லை. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகு வரியைக் கேட்டவர்கள் பழைய வேகன் ஆர் காரையே துடைத்து வைத்துக்கொண்டார்கள். கார் தராவிட்டால் பரவாயில்லை, சுவிட்சைத் தாருங்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் வந்தவுடன் முதல் வேலையாக எங்கள் பெஞ்சைத்தான் பார்க்கிறார். மூடிய டிக்கெட்டைத் திறந்து, அடுத்த ரிலீசுக்கு முன் ரிலேயைப் பொருத்த ஆவன செய்யுமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக முடியாதென்றால் இரண்டாம் பெஞ்சுக்கு முதலில் போடுங்கள். அதிகம் ஹேங் ஆவது அதுதான்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து இரவுப் பணியாளன் ஒருவன்