ஒரு லிட்டரா, அரை லிட்டரா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கெட்டில் விஷயமாகத்தான் எழுதுகிறேன். தம்பி பேச்சோடு பேச்சாக, "அரை லிட்டர் கெட்டிலில் எது நல்லது?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு எதற்குக் கெட்டில் என்று அம்மா வாயைப் பிடுங்கிய பிறகுதான், கேட்கச் சொன்னது நீ என்று தெரிந்தது. மின்சாரச் சாமான் பற்றி இந்த வீட்டில் யாரிடம் கேட்பது என்று உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஃபியூஸ் கம்பி மாற்றியவள் நீ. மெயினை அணைப்பாய், அணைத்த பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாய், அதன் பிறகுதான் கை வைப்பாய். என்னிடம் வேலை கற்க வந்த பையன்களில் ஒருவனுக்கும் அந்த நிதானம் வரவில்லை. அப்படிப்பட்டவள் தம்பியை விட்டுக் கேட்கச் சொல்கிறாய். அவனுக்கு டார்ச்சில் பேட்டரியை எந்தப் பக்கமாகப் போடுவது என்பதே சந்தேகம். போகட்டும்.

முதலில் அளவு. அரை லிட்டர் சிறியதம்மா. ஒரு கோப்பை 200 மில்லி என்று வைத்துக்கொள். அதிகபட்சக் கோடு வரை ஊற்றினாலும் இரண்டு கோப்பைதான் வரும். மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால், மறுபடி ஊற்றி, மறுபடி காத்திருக்க வேண்டும். ஒரு லிட்டராவது வாங்கு. 1.7 லிட்டர் வாங்கு என்று நான் சொல்லவில்லை. அது குடும்பத்துக்கானது.

அந்தப் பெரிய கெட்டில் என்ன ஆயிற்று? நான் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. உள்ளே முழுக்க எஃகு, காயில் வெளியே தெரியாத அடிப்பாகம், ஒரே அழுத்தில் திறக்கும் மூடி. கடையிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுக் காட்டச் சொன்னேன், நீ கூச்சப்பட்டு வெளியே போய் நின்றாய். அது பழுதாகிவிட்டது என்றால் சொல். பழுது என்று என் மேசைக்கு வந்த கெட்டில்களில் பெரும்பாலும் சுவிட்ச்தான் போயிருக்கும், காயில் அவ்வளவு எளிதில் போகாது. பழுதாகவில்லை, அங்கேயே இருக்கிறது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கேட்டு நீ யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். புதிதாக வாங்கிக்கொள்.

அடுத்தது வாட். இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வாட் கூடினால் மின்கட்டணம் கூடும் என்பது வீண் பயம். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சுமார் 315 கிலோஜூல் வெப்பம் தேவை. எந்தக் கெட்டிலாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 1500 வாட் கெட்டில் அதை மூன்றரை, நான்கு நிமிடத்தில் முடிக்கும். 3000 வாட் அதில் பாதி நேரத்தில் முடிக்கும். வித்தியாசம் நேரத்தில்தான். இன்னும் சொல்லப்போனால், மெதுவாகக் கொதிப்பதில்தான் வெப்பம் பக்கவாட்டில் வீணாகிறது.

ஆனால் வாட்டைத் தாங்குவது பிளக் பாயின்ட். நீ இப்போது இருக்கும் அறையில் அது எப்படி என்று தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. அறையைப் பற்றி வேறு எதுவும் நான் கேட்கவில்லை. பாயின்டின் மேலேயே எத்தனை ஆம்பியர் என்று பொறித்திருக்கும், அதைப் பார். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர், இது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட்டில் 1500 வாட் கெட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2200 என்றால் ஒன்பதரைக்கு மேல். 3000 என்றால் பதின்மூன்று. போன் சார்ஜ் செய்கிற எக்ஸ்டென்ஷன் போர்டில் இதை மாட்டாதே. நேராகச் சுவரில் மாட்டு. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அந்தச் சின்ன அடாப்டரைக் கையாலும் தொடாதே. எஃகுக் கெட்டிலுக்கு எர்த் இல்லாவிட்டால், உள்ளே மின்கசிவு வருகிற அன்று உன் கைதான் எர்த். தண்ணீர் கொதித்து முடிந்ததும் பிளக்கைத் தொட்டுப் பார். இலேசான வெதுவெதுப்பு இருக்கலாம். சுட்டால் உள்ளே பிடிமானம் தளர்ந்திருக்கிறது, அந்தப் பாயின்ட் வேண்டாம்.

உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பெரிய கெட்டில்களில் குறைந்தபட்சக் கோடு பெரும்பாலும் அரை லிட்டரில் இருக்கும். அதற்குக் கீழே ஊற்றினால் அடிப்பாகம் சூடேறி நின்றுவிடும். ஆகவே ஒரே ஒரு கோப்பை குடிக்கிறவர், தேவையானதைப்போல இரண்டரை மடங்கு தண்ணீரைத் தினமும் கொதிக்க வைத்து மீதியைக் கொட்ட வேண்டும். தனி ஆளுக்குச் சிறியதுதான் சரி. கடையில் வேறு எவராவது என்னிடம் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உனக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதுவும் தவிர, அரை லிட்டரில் வருபவற்றில் பல, பயணத்துக்கென்றே செய்தவை. வாட் குறைவு, கொதிக்க நேரம் எடுக்கும். எடையில்லாமல் இருப்பதால் வயர் லேசாக இழுபட்டாலே சாய்ந்துவிடும். மடித்து வைக்கிற சிலிக்கோன் வகையும் உண்டு, பையில் போட வசதி, தினமும் புழங்கினால் மடிப்பில் அழுக்கு சேரும். இரண்டு வோல்ட்டேஜிலும் வேலை செய்யும் என்று விற்பவற்றில் சிலவற்றுக்கு அடியில் ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். 120 வோல்ட்டில் தள்ளி வைத்துவிட்டு 230 வோல்ட்டில் மாட்டினால், கிட்டத்தட்ட நான்கு மடங்கு சக்தி இழுத்து எரிந்துபோகும். பயணத்துக்கானது பயணத்தில் இருப்பவர்களுக்கு. ஓரிடத்தில் நிலையாக இருக்கப் போகிறவர்களுக்கு அது எதற்கு?

எந்தப் பொருளில் செய்தது என்பதையும் பார். முழுக்கப் பிளாஸ்டிக் மலிவு, எடை இல்லை, ஆனால் முதலில் வாடை அடிக்கும். கண்ணாடி பார்க்க அழகு, கைதவறினால் போச்சு. எஃகில் 304 அல்லது 18/8 என்று போட்டிருப்பதை எடு, 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் என்று அர்த்தம், எளிதில் துருப்பிடிக்காது. எஃகு என்று வெளியே பெரிதாக எழுதியிருக்கும், மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் மூடியின் அடிப்பக்கமும் அளவு காட்டும் பட்டையும் பிளாஸ்டிக்காக இருக்கும். வாங்குமுன் எட்டிப் பார். ஒற்றைச் சுவர் எஃகு வெளிப்புறமும் கொதிநீர் அளவுக்குச் சுடும். சின்ன அறையில், மேசையும் புத்தகமும் நெருங்கிக் கிடக்கிற இடத்தில், முழங்கை படாமல் இருக்காது. உள்ளே எஃகும் வெளியே பிளாஸ்டிக்குமான இரட்டைச் சுவர் வகையைத் தேடு. கொஞ்சம் கனம்தான், ஆனால் சூடும் நிற்கும், கையும் பிழைக்கும். ஒரு லிட்டரில் அது நிறையவே கிடைக்கிறது.

இனி முக்கியமானது, தானாக அணைகிற ஏற்பாடு. சுவிட்சைப் பிரித்தால் உள்ளே ஒரு வட்டத் தகடு இருக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது, நடுவில் நாக்குப் போல வெட்டியிருக்கும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது. தண்ணீர் கொதித்ததும் நீராவி மூடியருகே உள்ள துளை வழியாகப் புகுந்து, குழாயில் இறங்கி, அந்தத் தகட்டில் படும். குழிந்திருந்த தகடு 'டக்' என்று எதிர்ப்பக்கம் புடைத்துச் சுவிட்சைத் தள்ளிவிடும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒரு தகட்டை வத்திக்குச்சிச் சூட்டில் காட்டி டக் டக் என்று துள்ளவிட்டுக்கொண்டிருந்தாய், நினைவிருக்கிறதா?

அதனால் மூடியை ஒழுங்காக மூடு. மூடி திறந்திருந்தால் நீராவி மேலே போய்விடும், தகட்டுக்குச் செய்தியே போகாது. தண்ணீர் வற்றும் வரை கொதித்துக்கொண்டே இருக்கும். வற்றினால் அணைக்க அடியில் வேறொரு தகடு உண்டு, நல்ல கெட்டிலில் உண்டு. விலை குறைந்ததில் அதைத்தான் முதலில் மிச்சம் பிடிப்பார்கள். பெட்டியில் வறண்டால் அணையும் பாதுகாப்பு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. அப்படி ஒருமுறை அணைந்துவிட்டால், ஆறவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்று. யோசனையில் உட்கார்ந்து மறந்துபோகிற பழக்கம் உனக்கு உண்டு, என்னிடமிருந்து வந்தது. இரவில் தூங்காமல் இருக்கிறாய் என்று தம்பி சொன்னான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. மூடியை மூடு.

கெட்டில் இரைவதைப் பார்த்துப் பயப்படாதே. சூடான அடித்தட்டில் நீராவிக் குமிழிகள் கிளம்பி, மேலே இருக்கும் ஆறின தண்ணீரில் பட்டு உடைவதால் வரும் சத்தம் அது. தண்ணீர் முழுக்கச் சூடானதும் குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் அடங்கும், உடனே தளதளவென்று கொதிக்கும். சத்தம் போடுகிற வரையில் கவலை இல்லை. சத்தம் அடங்கும்போதுதான் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கெட்டிலைத்தான் சொல்கிறேன்.

வெப்பநிலையைக் குறித்து வைக்கும் வகைகளும் வந்திருக்கின்றன. பச்சைத் தேயிலைக்கு எழுபது, எண்பது டிகிரி, காபிக்குத் தொண்ணூறுக்கு மேல் என்று பொத்தான்கள் இருக்கும். குழந்தைக்குப் பால்மா கரைக்க 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதற்கு இது நல்ல வசதி. அது எதற்கு இப்போது, விடு. பொத்தான் கூடக்கூடப் பழுதும் கூடும். உனக்கு ஒரே சுவிட்ச் உள்ளது போதும்.

புதுக் கெட்டிலில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுப் பயன்படுத்து. பால் காய்ச்சாதே. பொங்கி வழிந்து அடியில் இருக்கும் இணைப்புக்குள் போனால் அத்தோடு சரி. பீடத்தை ஈரக் கையால் தொடாதே. அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் சுரண்டாதே, வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரைமணி நேரம் கழித்துக் கொட்டி அலசு. கெட்டில் வரும் வரை சமாளிக்கலாம் என்று தண்ணீரில் முக்கும் ஹீட்டர் ராடு எதையும் வாங்கிவிடாதே. பெரியம்மா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும்.

நான் தேர்ந்தெடுத்ததெல்லாம் சரியாக அமைந்துவிடும் என்று நினைக்கிறவன் அல்ல நான். கெட்டிலாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, சரிப்படவில்லை என்றால் சரிப்படவில்லை என்று என்னிடம் சொல்லலாம். எங்கே வாங்கினோம், எவ்வளவு செலவானது, யார் என்ன சொல்வார்கள் என்பதெல்லாம் பிறகு. அம்மாவும் இதையேதான் சொல்கிறாள், அழுதுகொண்டு சொல்கிறாள், அதனால்தான் அவளை எழுதவிடாமல் நான் எழுதுகிறேன்.

அவள் அங்கே வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். கூப்பிடாமல் போகக்கூடாது என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன். காலையில் அவளுக்கு இரண்டு கோப்பை இல்லாமல் ஆகாது என்பது உனக்குத் தெரியும். எனக்கு ஒன்று. உனக்கு ஒன்று. அரை லிட்டரில் எப்படிப் போதும்?

வாங்குவதற்கு முன் கெட்டிலின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வோல்ட், வாட் எழுதியிருக்கும் தகடு தெளிவாகத் தெரிய வேண்டும். அந்தப் பிளக் பாயின்டையும் ஒரு படம் எடு. தம்பிக்கு வேண்டாம், எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா