ஹார்பர் பாஸும் டெட் பாஸும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நைனா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் டெட்டைப் பற்றி, அதுதான் ஆசிரியர் தகுதித் தேர்வைப் பற்றிப் பேசும்போது, "டெட் பாஸ் பண்ணிட்டா கவர்மென்ட் வேலைதானே நைனா, இங்க ரிசைன் பண்ணிடவா?" என்று கேட்டாய். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. பண்ணாதே.

ராயபுரத்திலிருந்து முப்பது வருஷம் ஹார்பருக்குப் போய்வந்தவன் நான். பாஸைக் காட்டினால் கேட்டில் உள்ளே விடுவார்கள்; அன்றைக்கு வேலை உண்டா என்பது உள்ளே போனபிறகுதான் தெரியும். டெட்டும் அப்படித்தான். 2018-ல் வந்த அரசாணைப்படி, டெட் தேறியவர்கள் தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அதில் தமிழ்த் தாளில் தேறாவிட்டால் மற்ற தாளைத் திருத்தவே மாட்டார்கள். உனக்கு ட்யூஷன் எடுத்த எதிர்வீட்டு அக்கா 2013-லேயே டெட் தேறியவள். சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி பீரோவில் வைத்துக்கொண்டு இன்னமும் ட்யூஷன்தான் எடுக்கிறாள். அது ஆயுசுக்கும் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள், அதுவரைக்கும் லாபம்.

அவளிடம்தான் எல்லாம் விசாரித்தேன். சின்னப் பிள்ளைகள் என்றால் உனக்கு உயிர். ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான், பி.எட். செல்லாது என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. உனக்குத் தாள் 2, ஆறு முதல் எட்டு வரை. மூன்று மணி நேரம், 150 கேள்வி. குழந்தை வளர்ச்சி 30, தமிழ் 30, இங்கிலீஷ் 30, கணக்கும் அறிவியலும் சேர்த்து 60. அங்கேதான் உனக்குச் சிக்கல். கணக்கைத் தூக்கத்திலும் போடுவாய். ஆனால் பிளஸ் ஒன்னில் பயாலஜி வேண்டாமென்று அழுதது தவளைக்குப் பயந்துதானே! அக்காவின் பழைய அறிவியல் புத்தகங்களைப் பார்சலில் அனுப்புகிறேன். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாமல் எழுது. பொதுப்பிரிவுக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. நமக்குச் சலுகை உண்டு, அதை நம்பிப் படிக்காதே.

அப்புறம், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை படித்த ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்கவேண்டும். உன் பழைய கார்ப்பரேஷன் ஸ்கூலுக்குப் போனேன். ஹெச்.எம். அம்மா பதிவேட்டைப் புரட்டி, உன் பெயரில் விரலை வைத்தார். பக்கத்தில் என் கையெழுத்து, கோணலாக, பெயரில் ஒரு எழுத்தையே விட்டுவிட்டிருந்தேன். "இது நீங்களா?" என்று சிரித்தார். ஸ்கூல் சான்று கைக்கு வந்துவிட்டது. காலேஜுக்கும் பி.எட்.டுக்கும் நீதான் நேரில் போகவேண்டும், ரெண்டு நாள் லீவு போட்டு வா. வஞ்சிரம் விலை ஏறிக்கிடக்கிறது, நீ வந்தால்தான் வாங்குவேன் என்கிறாள் அம்மா.

நைனா