பதிவறைக்குத் தனிப் பணிப்பிரிவு வேண்டும்: மனிதவள மேலாண்மைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மனிதவள மேலாண்மைத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், பணி விதிகளை வகுக்கும் அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். ஒரு மாவட்ட அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். கோப்புக்குப் போடும் ந.க. எண் எப்படி ஓடும், எந்தக் கோப்பை ஆர்.டிஸ். என்று குறித்து நிரந்தரமாக வைக்க வேண்டும், எதை எல்.டிஸ். என்று குறித்து முடிக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அரசு அலுவலகங்களில் பழைய கோப்புகளை வைக்கும் பதிவறையில் ஆவணங்களையும் தகவல்களையும் காக்கும் வேலைக்கு ஒரு தனிப் பணிப்பிரிவை உருவாக்குங்கள். கல்வித் தகுதி, பயிற்சி, பதவி உயர்வு மூன்றும் உள்ள பணிப்பிரிவு. கேட்பது இது ஒன்றுதான்.

ஏன் இப்போது கேட்கிறேன் என்றால், போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா கையில் ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய கணவர் எங்கள் அலுவலகத்தில் இரவுக் காவலராக இருந்தவர். முதலில் தினக்கூலி, 1991-இல் பணிவரன்முறை செய்யப்பட்டு நிரந்தர ஊழியரானார், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்காக மேலே போன கருத்துரு, பணிவரன்முறை ஆணையின் நகல் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. அந்த நகலைக் கேட்டு அவர் நடையாக நடந்து, கடைசியில் யாரோ சொல்லித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவும் போட்டுவிட்டார். வந்த பதில் ஒரே வரி. "தங்களால் கோரப்பட்ட கோப்பு இவ்வலுவலகப் பதிவறையில் தேடியும் கிடைக்கப்பெறவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது." அந்தத் தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். "தம்பி, கிடைக்கலைன்னா அவர் அங்க வேலையே பாக்கலைன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்த ஒரு வரியை என் பணிக்காலத்தில் நானே பலமுறை வரைவு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு போனேன். மாடிப்படிக்குக் கீழே பதிவறை, மேலே கழிப்பறைக் குழாய் போகிறது. அந்தக் குழாய்க்கு நேர் கீழே இருந்த கட்டுகளின் துணி கறுத்து, ஓரம் பூஞ்சை பூத்துக் கிடந்தது. ராமபாணப் பூச்சி துளைத்த தாள்களைத் தொட்டால் உதிர்ந்தது. சில கட்டுகளில் வருடம் சாக்பீஸில் எழுதியிருக்கிறது, சிலவற்றில் அதுவும் அழிந்துவிட்டது. பொறுப்பில் இருப்பது ஓர் இளம் பெண், குரூப் 4 எழுதி வந்தவர், நூலக அறிவியலில் எம்.லிப். படித்தவர். இருந்தும் அவருடைய இருக்கை பட்டியல் பிரிவில். சம்பளப் பட்டியல் போடுவதுதான் வேலை, பதிவறை கூடுதல் பொறுப்பு. பதிவறை எழுத்தர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே இருக்கிறது. பொறுப்பேற்றபோது தனக்குக் கிடைத்தது பதினோரு சாவிகள் கொண்ட கொத்தும் பாதியில் நின்ற ஒரு பதிவேடும்தான் என்றார். "நாலு நாள் தேடினேன் சார், நிஜமா தேடினேன்" என்று சொன்னபோது கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் ஓய்வு பெற்ற பதிவறை எழுத்தருக்கு போன் செய்தேன். அலுவலகம் முழுக்க அவரை ரெக்கார்டு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, அந்த அறையிலேயே தலை நரைத்தவர். இரண்டு பஸ் மாறி மறுநாள் காலையில் வந்துவிட்டார். உள்ளே போய்த் தேடவில்லை, முதலில் அந்த அக்காவிடம் கேட்டார், "ஆர்டர் வாங்கினப்போ ஆபீசர் யாரும்மா, ஞாபகம் இருக்கா?" அக்கா, ஒரு மேடம் இருந்தாங்களே என்றார். அவ்வளவு போதும் அவருக்கு. "அந்த அம்மா இருந்தப்போ ஆபீஸ் பழைய கட்டடத்தில. இங்க மாறி வரும்போது ஊழியர் பணியமைப்புக் கட்டை எல்லாம் எலெக்‌ஷன் கட்டோட ஒரே வண்டியில ஏத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, 1991 தேர்தல் கட்டுகள் இருக்கும் கடைசி ராக்குக்குப் போய், மேலிருந்து மூன்றாவது கட்டை இறக்கச் சொன்னார். வாக்குச்சாவடிப் பட்டியல்களுக்கு நடுவில் அந்தக் கோப்பு இருந்தது. டேக் துருப்பிடித்திருந்தது, ஆணையில் கையெழுத்து தெளிவாக இருந்தது. மொத்தம் இருபது நிமிடம்.

அந்த அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதை நல்லபடி முடிந்த கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தின் சோறு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒரு பெரியவரின் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. அவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால், தேடியும் கிடைக்கவில்லை என்பதுதான் அரசின் இறுதிப் பதில். அவர் ஓய்வு பெற்ற நாளில் விழா ஏற்பாடு செய்தவன் நான்தான். சால்வை போட்டோம், மாலை போட்டோம், நினைவுப் பரிசு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம். எந்த ராக்கில் எது இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதி வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவறைக்கு மாற்றுவது என்பது எங்கள் அலுவலகத்தில் தண்டனை. அதிகாரியிடம் எதிர்த்துப் பேசியவர், உடம்பு முடியாதவர், மற்ற பிரிவுகள் வேண்டாம் என்று தள்ளியவர், எல்லோரையும் அங்கேதான் அனுப்பினோம். அப்படிப்பட்ட குறிப்புகளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தகவல் உரிமைக்கு நாம் 1997-லேயே மாநிலச் சட்டம் கொண்டுவந்தோம். பிறகு வந்த 2005 மத்தியச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களை எல்லாம் முறையாகப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைத்திருக்க வேண்டும் என்கிறது. மனுவுக்கு 30 நாளில் பதில் சொல்லும் கடமை எல்லோருக்கும் நினைவிருக்கிறது, ஆவணத்தை அடுக்கி வைக்கும் கடமை எந்த ஆய்வுக் கூட்டத்திலும் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை. கோப்பு காணவில்லை என்பது தகவலை மறுக்கச் சட்டம் அனுமதிக்கும் காரணமே அல்ல, முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் பொறுப்பு யாருடையது என்று நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னது. சரி, பொறுப்பை யார்மீது நிர்ணயிப்பீர்கள்? கூடுதல் பொறுப்பில் சாவிக்கொத்து வாங்கிய அந்தப் பெண்மீதா?

மத்திய அரசுக்கு 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் அலுவலகமும் ஓர் ஆவண அலுவலரை நியமிக்க வேண்டும், பொது ஆவணத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக அழித்தால் ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது. ஆனால் அதிலும் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும் ஓர் அலுவலருக்கு அந்தப் பெயரைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். பெயர் கொடுப்பது வேறு, அதையே ஒருவர் தன் வாழ்நாள் தொழிலாகச் செய்ய வழி கொடுப்பது வேறு. பிரிட்டனில் அரசுப் பணிக்குள் அறிவு மற்றும் தகவல் மேலாண்மை என்றே ஒரு தொழிற்பிரிவு இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 2015-இல் ஆவண, தகவல் மேலாண்மைக்கென்று தனிப் பணித்தொடர் வகுத்தது. வெளிநாடு வேண்டாம் என்றால் நம் கல்வெட்டுகளையே பாருங்கள். சோழர் கால நிலவரித் துறையான புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம், வரிப்பொத்தகக் கணக்கு, முகவெட்டி, பட்டோலை என்று எழுதுபவருக்கும் பதிவு வைப்பவருக்கும் தனித்தனிப் பதவி இருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் கணக்கு ஓலையைக் காப்பவருக்குப் பதவிப்பெயர் இருந்த நாட்டில், இன்றைக்கு அது கூடுதல் பொறுப்பு.

எழும்பூரில் 1909-இல் கட்டிய ஆவணக் காப்பகம் நம்மிடம் இருக்கிறது. அங்கே வரும் ஆய்வாளர்களால் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துத் தாளை எடுத்துப் படிக்க முடிகிறது. மாவட்டத்தில் 1991 தாளை எடுக்க ஓய்வு பெற்றவரைப் பஸ் ஏறி வரச் சொல்ல வேண்டியிருக்கிறது. வித்தியாசம் கட்டடத்தில் இல்லை. அங்கே அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், இங்கே இல்லை. மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1924-இல் கணக்கு ஆசிரியர் ஒருவரை நூலகராக நியமித்து, லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. எஸ்.ஆர். ரங்கநாதன். அந்த ஒரு முடிவால் இந்தியாவில் நூலகர் என்ற தொழிலே மரியாதை பெற்றது, 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக நம் மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. நூலகப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தனித் தேர்வே நடத்தியிருக்கிறது. புத்தகத்துக்குச் செய்ததைக் கோப்புக்கும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். பதிவறைக்குத் தனிப் பணிப்பிரிவு.

கோப்புகளைக் கம்ப்யூட்டரிலேயே நடத்தும் இ-ஆபீஸ் வந்துவிட்டதே, இனி எதற்குப் பதிவறை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எங்கள் அலுவலகத்தில் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்ய ஒப்பந்தத்தில் பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. வேகமாகத்தான் வேலை செய்தார்கள், பாவம், அவர்கள்மேல் தப்பே இல்லை. கோப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்கேன் 0047, ஸ்கேன் 0048. எது யாருடைய ஆணை, எது ஆர்.டிஸ்., எதற்கு எது தொடர்ச்சி என்று எழுதி வைக்கச் சொல்ல அங்கே ஆள் இல்லை. முன்பு ராக்கில் தொலைந்தது இப்போது கம்ப்யூட்டரில் தொலைந்து கிடக்கிறது. ராக்கில் இருந்தபோதாவது ரெக்கார்டு அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

கோப்பு மட்டும் போவதில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது கடலோர மாவட்டங்களில் இரவு பகலாக நின்ற ஊழியர்கள் இப்போது வரிசையாக ஓய்வு பெறுகிறார்கள். முகாமை எப்படி நடத்தினார்கள், நிவாரணப் பட்டியலில் எங்கே தவறு நடந்தது, மறுபடி நடந்தால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர்களோடு வீட்டுக்குப் போகிறது. ஒவ்வோர் அதிகாரி மாற்றலாகிப் போகும்போதும் ஒரு மாவட்டம் பாதியை மறக்கிறது, புதிதாக வருபவர் அகரம் தொட்டு ஆரம்பிக்கிறார். ஆலோசனை நிறுவனங்களுக்குக் கொடுக்கப் பணம் இருக்கிறது, நம்மிடமே இருந்ததை எழுதி வைக்க ஒரு பணியிடம் இல்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பணிவோடு கேட்பதைத் திரும்பச் சொல்கிறேன். ஒவ்வொரு மாவட்டத்திலும் நூலக அறிவியலோ ஆவணக் காப்பியலோ படித்த ஒரு பதிவு அலுவலரை, அந்த வேலைக்கு மட்டுமே, நியமியுங்கள். தில்லி தேசிய ஆவணக் காப்பகம் இதற்கென ஓராண்டுப் பட்டயப் படிப்பே நடத்துகிறது, அதற்கு நம் ஊழியர்களையும் அனுப்புங்கள். இப்போது பதிவறையில் இருக்கும் எழுத்தர்களை விட்டுவிடாதீர்கள். இளநிலை உதவியாளராகப் போனால்தான் முன்னேற்றம் என்றால், நன்றாக வேலை தெரிந்தவர்தான் முதலில் அந்த அறையை விட்டுப் போவார். அங்கேயே இருந்து மேலே வர ஒரு ஏணி வையுங்கள். அரசு ஊழியர்களுக்கான பவானிசாகர் பயிற்சியில் பதிவறைக்கென்று ஒரு வாரம் ஒதுக்குங்கள். பதிவறையிலிருந்து ஓய்வு பெறுபவரிடம் கடைசி மூன்று மாதம் பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்ததை எழுதி வாங்குங்கள். இதை அரசாணையாகப் போடுங்கள். சுற்றறிக்கை வேண்டாம், சுற்றறிக்கைகளை எந்தக் கட்டில் வைத்தோம் என்பது எங்களுக்கே தெரியாது.

கடைசியாக ஒன்று. அன்று கோப்பு கிடைத்த பிறகு ரெக்கார்டு அண்ணன் கிளம்பவில்லை. அந்தப் பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வர, "எழுதிக்க பாப்பா" என்று முதல் ராக்கிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். இப்போது அவர் சனிக்கிழமைதோறும் வருகிறார், பஸ் கட்டணம்கூட யாரும் தருவதில்லை, அந்தப் பெண்ணும் விடுமுறை நாளில் வந்து உட்காருகிறார். 1994 வரை கட்டுகளுக்கு எண் போட்டாகிவிட்டது. அடுத்த பொது மாறுதலில் அந்தப் பெண்ணுக்கு வேறு ஊர் வரக்கூடும். தனிப் பணிப்பிரிவுக்கு நீங்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டாலும், இப்படிப் பதிவறையை மெனக்கெட்டு ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பவர்களை அந்த வேலை முடியும்வரை மாற்ற வேண்டாம் என்று ஒரு வரி உத்தரவாவது இப்போதே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்