நூற்றுக்கு 11 பேர் தேறினால் அது தரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கல்விப் பகுதியில், மின்பணியாளர்களுக்கான திறன் சான்றிதழ்த் தேர்வு ஒன்றைப் பற்றிய கட்டுரையில், "எழுதியவர்களில் நூற்றுக்கு 11 பேரே தேறியிருக்கிறார்கள், இத்தேர்வின் தரத்துக்கு வேறு சான்று வேண்டுமா?" என்றொரு வாக்கியம் வந்திருந்தது. கட்டுரையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இளையவராக இருக்கலாம். ஆனால் முப்பது ஆண்டுகளாகத் தேர்வு முடிவுகளை அச்சிட்டுவரும் தாங்களும் அதைப் படித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பினீர்கள் என்பதை என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த நூறு பேரில் 89 பேர் பாதியில் இலையை மூடிவிட்டு எழுந்தால், சமையற்காரரின் கைப்பக்குவத்துக்கு வேறு சான்று வேண்டுமா என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை. தேர்வு என்றால் மட்டும் கேட்கிறோம்.

தங்கள் இதழுக்கு இது புதிதும் அல்ல. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்து, எழுதியவர்களில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறாதபோது, "ஆசிரியர்களின் லட்சணம் வெட்டவெளிச்சம்" என்ற தொனியில் தாங்கள் எழுதிய தலையங்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 150 வினாக்களுக்கு ஒன்றரை மணி நேரம், அதாவது வினாவுக்கு 36 விநாடி. அதே ஆண்டு அக்டோபரில் நடந்த மறுதேர்வில் நேரத்தை மூன்று மணியாக்கினார்கள், தேறியோர் விழுக்காடும் கூடியது. அந்த மூன்று மாதத்தில் ஆசிரியர்களுக்கெல்லாம் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை என்பது தாங்கள் அறியாததல்ல. முதல் தேர்வு அறிவோடு சேர்த்து வேகத்தையும் அளந்தது. வேகத்தை அளப்பதாக அது யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தலையங்கத்துக்குப் பிறகு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கப்படவில்லை.

தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் 29 ஆண்டுகள் மின்பணியாளர் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன் நான். அதில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள், பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சான்றளிப்பு அமைப்புக்கு வினாத்தாளும் எழுதிக் கொடுத்தேன். எழுதியவை நல்ல வினாக்களா என்பதைக் கண்டறிய உள அளவியல் என்றொரு துறையே இருக்கிறது என்பது எனக்கு 51 வயதில்தான் தெரிந்தது. பணி ஓய்வு பெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் வீட்டுத் திண்ணையில், கால்குலேட்டரும் கட்டம்போட்ட நோட்டுமாக, ஓராண்டு மாலைகளில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நான் எழுதிய வினாத்தாளையே முதலில் எடுத்துப் போட்டார். அன்று பட்ட வெட்கம் இன்றும் ஆறவில்லை.

"கடத்தியின் வெப்பநிலை உயர்ந்தால் அதன் மின்தடை என்ன ஆகும்?" என்பது என் வினா; "உயரும்" என்பது நான் கொடுத்த விடைக்குறிப்பு; "பொருளைப் பொறுத்தது" என்பது தவறான விடையாக நான் சேர்த்த நான்காவது தெரிவு. நூறு பேரின் விடைத்தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 27 பேரையும் கீழே 27 பேரையும் தனியே பிரிக்கச் சொன்னார் பேராசிரியர். இந்த 27 என்ற கணக்கு ட்ரூமன் கெல்லி என்ற அமெரிக்க அறிஞர் 1939இல் காட்டியது. அது நல்லாசிரியர் விருது வாங்கியவர்களுக்குக்கூட நம் ஊரில் தெரியாது. மேல்வரிசையில் 9 பேர் "உயரும்" என்று குறித்திருந்தார்கள், கீழ்வரிசையில் 15 பேர். நன்றாகப் படித்தவர்களுக்குக் கரி சூடானால் தடை குறையும் என்பதும், மாங்கனின் என்ற உலோகக் கலவையாலான கம்பியில் ஏறக்குறைய மாறாது என்பதும் தெரிந்திருந்தன, அதனால் தோற்றார்கள். பாடம் சரியாகத் தெரியாதவர்கள் செம்பை மட்டும் நினைத்துக்கொண்டு வென்றார்கள். அந்த ஒரு வினா, தேர்வு எதற்காக இருக்கிறதோ அதற்கு நேர்மாறான வேலையைப் பத்தாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தது.

விடைக்குறிப்பைத் திருத்துங்கள், இல்லையேல் வினாவை நீக்குங்கள் என்று அந்த அமைப்புக்கு எழுதினேன். கையெழுத்தான விடைக்குறிப்பை மாற்ற விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஒரு வினாவுக்கு இரு விடை இருந்தால் என்ன ஆகும் என்பதை 2024இல் நாடே பார்த்தது: நீட் தேர்வின் ஓர் இயற்பியல் வினாவுக்கு எது சரியான விடை என்று சொல்ல உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யின் வல்லுநர்களைக் கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகு முழு மதிப்பெண் பெற்றோர் எண்ணிக்கை 61இலிருந்து 17ஆக இறங்கியது. மருத்துவராகப் போகிறவர்கள் என்பதால் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒயர்மேன் பையன் எங்கே போவான்?

அதே வினாத்தாளை என் மைத்துனர் மகளிடம் கொடுத்துப் பார்த்தேன். அவள் முதுகலை தமிழ் இலக்கியம் படித்தவள், ஃபியூஸ் போடத் தெரியாது. நீளமான விடையைக் குறி, "மேற்கண்ட அனைத்தும்" இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறி, "ஒருபோதும்" என்ற சொல் வந்தால் விட்டுவிடு என்று மூன்றே விதி சொல்லிக்கொடுத்தேன். நான்கு தெரிவு உள்ள நூறு வினாவில் குருட்டாம்போக்கில் குறித்தாலே சராசரியாக 25 வரும். அவள் 43 வாங்கினாள். மின்பணி சிறிதும் தெரியாமல் வந்த அந்தக் கூடுதல் 18 மதிப்பெண்ணும் வினா எழுதிய எங்கள் சோம்பலின் கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் எர்த்திங், மின்அதிர்ச்சி முதலுதவி, காப்புத் தடையை மெக்கர் கருவியில் அளந்து பார்ப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து 4 வினாக்கள். நேர்மின் இயந்திரங்களின் ஆர்மேச்சர் சுற்றுக்கு மட்டும் 14. ஏனென்றால் பாடநூலில் அந்த அத்தியாயம் நீளமானது! வேலையில் இருப்பவர்களிடம் போய், எதை அடிக்கடி செய்கிறீர்கள், எது பிசகினால் உயிர் போகும் என்று கேட்டு, அந்த விகிதத்தில் வினாவைப் பங்கிடுவதுதான் முறை. ஆட்களுக்குச் சான்றளிக்கும் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 17024 தரவிதியும் வேலையை ஆராய்ந்த பிறகே தேர்வை வகுக்கச் சொல்கிறது.

இனி அந்த அமைப்பின் தேர்ச்சி மதிப்பெண்ணான 60. யார் தீர்மானித்தது என்று கேட்டால் எல்லாரும் கோப்பைக் காட்டுகிறார்கள். வில்லியம் ஆங்காஃப் என்ற தேர்வியல் அறிஞர் 1971இல் வெளியான தம் கட்டுரையில் ஒரு வழி சொன்னார். வேலைக்குப் போதுமான திறனை அப்போதுதான் எட்டிய நூறு பேரை மனத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வினாவுக்கும் அவர்களில் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள் என்று துறை அனுபவம் உள்ளவர்கள் தனித்தனியே மதிப்பிட வேண்டும். ஒவ்வொரு வினாவுக்கும் வரும் மதிப்பீடுகளின் சராசரியைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் தேர்ச்சி மதிப்பெண் கிடைக்கும். உலகெங்கும் தொழில் உரிமத் தேர்வுகளில் பயன்படும் இந்த வழி அந்தக் கட்டுரையின் அடிக்குறிப்பில்தான் இருந்தது. அடிக்குறிப்பு அளவுக்கு வெட்டப்பட்ட கடிதங்களை எழுதிப் பழகியவன் என்பதால் இந்தச் செய்தி எனக்குத் தனி ஆறுதல். நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து இப்படிப் பார்த்தபோது, கடினமான ஒரு தாளுக்கு 52 என்றும் எளிதான இன்னொன்றுக்கு 67 என்றும் வந்தது. இரண்டுக்கும் 60 என்றே அறிவித்தார்கள்.

அந்தக் கடினமான தாளில் 58 வாங்கித் தோற்றவன் என் மாணவன். அத்தாளின் நம்பகத்தன்மையை, அதாவது அது தரும் மதிப்பெண் எவ்வளவு நிலையானது என்பதை, கூடர், ரிச்சர்ட்சன் என்ற இரு அறிஞர்கள் 1937இல் தந்த வாய்பாட்டில் போட்டால் 1க்கு 0.84 வந்தது; மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து அவை சிதறும் அளவு, 10. அப்படியானால் ஒருவர் பெறும் மதிப்பெண்ணில் அளவைப் பிழையே கூடவோ குறையவோ 4. 58க்கும் 62க்கும் இடையே அந்தத் தாளால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் 62 வாங்கியவன் சான்றிதழ் பெற்றான், 58 வாங்கியவன் அவனிடமே ஹெல்பராகச் சேர்ந்தான். சென்ற இதழின் கணக்குப்படி, அவன் தோற்றதும் தரத்துக்குச் சான்றுதான்.

இவற்றையெல்லாம் நான் முன்பே தங்களுக்கு எழுதியிருக்கிறேன். மூன்று பக்கக் கடிதத்தை ஆறு வரியாக்கி வெளியிட்டீர்கள். இடநெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்த ஆறு வரியிலும் "உள அளவியல்" என்று நான் எழுதியதை "உளவியல்" என்று திருத்தி வெளியிட்டதால், தூக்கம் வரவில்லை, மகன் பேசுவதில்லை என்று இரண்டு மாதம் எனக்குத் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. முடிந்தவரை ஆறுதல் சொன்னேன்.

இப்போது நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை ஒரு சான்றிதழ்த் தேர்வின் முடிவை வெளியிடும்போது, தேர்ச்சி மதிப்பெண்ணை எப்படி முடிவு செய்தீர்கள், எத்தனை வினாக்களை ஆராய்ந்து நீக்கினீர்கள் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அந்த அமைப்பிடம் கேட்டு, வரும் பதிலை, பதில் வராவிட்டால் அதையும், ஒரு வரியில் போடுங்கள். அதற்கு இடமில்லை என்றால், இக்கடிதத்திலாவது "உள அளவியல்" என்ற சொல்லைத் திருத்தாமல் விடும்படி மெய்ப்புத் திருத்துநரிடம் சொல்லிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்றுநர், திருச்சிராப்பள்ளி