ஆண்டறிக்கை: நம் தெரு நலச்சங்கம், சத்துவாச்சாரி, வேலூர்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொங்கல் விளையாட்டுப் போட்டியும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்குக்கும் கால்வாய்க்கும் மாநகராட்சியில் மனு கொடுத்தோம். விளக்கு எரிகிறது, கால்வாய் அப்படியே கிடக்கிறது.

சரி, இந்த முறை நம் சங்கம் நடத்திய கண் முகாமுக்கு வருகிறேன். செயலாளருக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். நம் வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் திறந்த ஷெல் மருத்துவமனை இன்றைக்கும் ஆரணி ரோட்டில் கண் ஆஸ்பத்திரியாக நடக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், கண்புரைக்கு சொட்டு மருந்து தேடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். புரை சொட்டு மருந்தில் கரையாது, மங்கிய லென்ஸை எடுத்துவிட்டு செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி, பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போக வைத்தே முடித்துவிடுகிறார்கள். நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு.

கண் அழுத்த நோய்தான் எனக்கு பயம். பெரும்பாலும் வலியே இல்லாமல் ஓரப் பார்வையிலிருந்து அரித்துக்கொண்டு வரும், போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்தோ லேசரோ ஆபரேஷனோ எல்லாம் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். அதற்குப் போய் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி, அப்புறம் கண் சிவக்கும்போதெல்லாம் அதையே விட்டுக்கொண்டிருந்தால் அழுத்தமும் ஏறும், புரையும் வரும். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாகத் தெரிந்தாலும் வருஷம் ஒருமுறை விழித்திரையைக் காட்டியாக வேண்டும்.

இதையெல்லாம் முகாமில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னபோது பக்கத்துத் தெருக்காரர்கள்தான் நிறைந்திருந்தார்கள், நம் செயற்குழுவில் பாதிப்பேரைக் காணோம். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்து, முதல் நாளும் நினைவுபடுத்தி, அப்படியும் வராதது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

வரவு செலவு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது. பந்தல், டீ, நோட்டீஸ் செலவு போக கையிருப்பு சொற்பம். சந்தா ஒழுங்காக வந்திருந்தால் பந்தலுக்குக் கடன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பெயர் வாசிக்கப் போவதில்லை, பாக்கி வைத்திருப்பவர்களுக்கே தெரியும்.

மருத்துவக் குழுவுக்கும் மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் தண்ணீர் கேன் கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் முகாம் நடக்குமா என்று கேட்கிறார்கள். முகாமை விடுங்கள், இந்த முறை புரை என்று எழுதிக் கொடுத்தும் கூட வர ஆள் இல்லாததால் ஆபரேஷனுக்குப் போகாத பெரியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். ஆட்டோ செலவுக்கும் சங்கத்தில் பணம் இல்லை. வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். கூட்டம் முடிந்ததும் ரசீது புத்தகத்தோடு வாசலில் இருப்பேன், அங்கேயே பெயர் கொடுக்கலாம்.

செயலாளர்