கோரிக்கை மனு – மூன்றாவது முறை

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: எச்.ஐ.வி. பற்றிய தவறான பயத்தைப் போக்க, மாவட்ட நிர்வாகத்தின் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் வழியாகக் காணொளி வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் அறிந்த தேர்முட்டிக்குப் பின்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். திங்கள்கிழமை குறைதீர் நாளில் இரண்டு முறை நேரில் மனு கொடுத்தேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

1. எனக்கு எச்.ஐ.வி. உள்ளது. அதைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை எட்டு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு வைரஸ் குறைந்துவிட்டது. இப்படியே இருக்கும்வரை உடலுறவில்கூடப் பரவாது என்று நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) அம்மா சொன்னார்.

2. தெரு வாட்ஸ்அப் குழுவில் ‘அந்த வீட்டு மாவை வாங்காதீங்க’ என்று யாரோ ஆடியோ போட்டார்கள். தூக்குவாளியோடு வாசலில் நிற்பவர்கள் மறுநாள் ஒருவரும் வரவில்லை. அரைத்த மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு தரையில் வழிந்தது. சாக்கடையில் கொட்டினேன். கொட்டிய இடத்தில் எதிர்வீட்டு அக்கா பிளீச்சிங் பவுடர் தூவினார். அவரோடு பதினொரு வருடப் பழக்கம் ஐயா. என் மகள் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ‘அம்மா, அவங்க எதுக்கு அதைப் போடுறாங்க?’ என்று கேட்டாள். மாவில் பரவாது. தொட்டால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் பரவாது. நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்? தாங்கள் சொன்னால் நம்புவார்கள்.

3. டெங்குக் கொசுவுக்குக் காணொளி போடுகிறீர்கள். எங்களுக்கு டிசம்பர் 1 எய்ட்ஸ் தினப் பேரணிப் படம் மட்டும்தானா? 1986இல் நாட்டிலேயே முதலில் நம் சென்னையில்தான் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. இத்தனை வருடம் கழித்தும் பிளீச்சிங் பவுடர்தானா ஐயா?

4. எங்கள் மேல் வெறுப்பைப் பரப்பக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அக்காவை ஜெயிலுக்கு அனுப்ப நான் கேட்கவில்லை. அவருக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, ஏ.ஆர்.டி. மருத்துவர் நம் ஊர்ப் பேச்சில் பேசும் ஒரு நிமிடக் காணொளியை வெளியிட வேண்டும். மண்டை ஓட்டுப் படம் வேண்டாம். கடைசியில் 1097 என்ற எச்.ஐ.வி. கட்டணமில்லா உதவி எண்ணைக் காட்டுங்கள். கிராம சுகாதாரச் செவிலியர்கள் வழியாக அது தெருக் குழுக்களுக்கும் போய்ச் சேர வேண்டும். ஆடியோ எந்தக் குழுவில் வந்ததோ, அதே குழுவுக்கு இதுவும் வர வேண்டும் ஐயா. தயவுசெய்து இந்த முறையாவது.

பெயர், முகவரி ஒட்டிய உறையில் தனியாக உள்ளன. அதைத் தாங்கள் மட்டும் பிரிக்கவும்.

இப்படிக்கு,
மனுதாரர்