யூதர் கதை சொல்லும் யூடியூப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாறு சொல்லும் சேனல் நண்பர்களே,

வணக்கம். உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கிறவன் நான். மங்கோலியர், ரோமர், சோழர் என்று யாரை எடுத்தாலும் விறுவிறுப்பாகச் சொல்கிறீர்கள். யூதர்கள் பக்கம் வந்தால் மட்டும் எல்லாச் சேனல்களிலும் ஒரே கதை. ஆபிரகாம் கிளம்பினார், மோசே கடலைப் பிளந்தார், தாவீதும் சாலொமோனும் ஆண்டார்கள், அப்புறம் ஒரே தாவலில் ஹிட்லர். நேரம் மிஞ்சினால் 'உலகை ஆட்டிப்படைக்கும் ரகசியக் கூட்டம்'. இந்தக் கடைசிச் சரக்கைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. ரஷ்யாவில் 1903இல் அச்சேறிய ஒரு போலி ஆவணம்தான் அதற்குப் பெரிய ஊற்று. வேறொரு நூலிலிருந்து வரிவரியாகத் திருடி எழுதியது அது என்று 1921இலேயே லண்டன் நாளேடு ஒன்று அம்பலப்படுத்திவிட்டது. நூறு வருடம் கழித்தும் அதைத் தூசி தட்டி எடுப்பது உங்களுக்கு அழகல்ல.

நான் கேட்க வந்தது வேறு. யூத மதம் முதல் நாளிலேயே முழுசாக இறங்கி வந்தது போலச் சொல்கிறீர்கள். அது ஆயிரம் வருடத்துக்கு மேல் அடிபட்டு, இடம் மாறி, கொஞ்சம் கொஞ்சமாக உருவானது. கல்லிலும் களிமண்ணிலும் பாப்பிரஸ் தாளிலும் அதற்குச் சாட்சி இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

முதலில் அந்த பிரமிடு. யூத அடிமைகள் பிரமிடு கட்டியதாக இன்னும் எத்தனை பேர் சொல்வீர்கள்? கீசா பிரமிடுகள் கி.மு. 2500ஐ ஒட்டியவை. 'இஸ்ரேல்' என்ற பெயர் பைபிளுக்கு வெளியே முதன்முதலில் தெளிவாக வருவது கி.மு. 1208 வாக்கில், எகிப்திய மன்னன் மெர்னெப்தா நிறுத்திய வெற்றிக் கல்லில். இஸ்ரேல் பாழானது, அதன் வித்து இல்லாமல் போயிற்று என்று அதில் பெருமையடித்துக்கொள்கிறான். கானான் (இன்றைய இஸ்ரேல்-பாலஸ்தீனப் பகுதி) ஊர்களைச் சொல்லும்போது நாட்டைக் குறிக்கும் குறியைப் போட்டவன், இஸ்ரேலுக்கு மட்டும் மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் குறியைப் போட்டிருக்கிறான். கானான் மலைப்பகுதியில் சின்னச் சின்னக் கிராமங்கள் புதிதாக முளைத்த காலமும் இதுதான். பானைகளையும் வீடுகளையும் பார்த்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர், இஸ்ரேலர் பெரும்பகுதியும் கானான் மண்ணிலேயே உருவானவர்கள் என்கிறார்கள். பைபிள் கதையைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'மரபு இப்படிச் சொல்கிறது' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், யார் மனமும் புண்படாது.

ஒரே கடவுள் என்ற நம்பிக்கையும் ஒரே நாளில் வந்ததல்ல. சினாய் பாலைவனத்தில் குன்டிலெட் அஜ்ருட் என்ற இடத்தில் 1970களில் தோண்டியபோது, கி.மு. 800 வாக்கைச் சேர்ந்த பெரிய சாடிகள் கிடைத்தன. அதில் ஒன்றின் மேல், 'சமாரியாவின் யாவேயும் அவரது அஷேராவும்' என்று பெயர் சொல்லி ஒருவர் ஆசி எழுதியிருக்கிறார். யாவே என்பது இஸ்ரேலர் தங்கள் கடவுளுக்குச் சொன்ன பெயர். அஷேரா கானானியரின் தாய்த்தெய்வம். இங்கே அது தேவியையா, அவளுடைய புனிதக் கம்பத்தையா குறிக்கிறது என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எதுவானாலும், வேறு தெய்வம் வேண்டாம் என்று தீர்க்கதரிசிகள் ஏன் தொண்டை கிழியக் கத்தினார்கள் என்பது இந்தச் சாடியைப் பார்த்தால் விளங்கும்.

கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். அதற்கு 11 வருடம் முன்பே அரசன் யோயாக்கீனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பாபிலோன் அரண்மனைக் களிமண் பலகைகளில் அவனுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் படியளந்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. ஒரு ராஜா, ரேஷன் பட்டியலில்! கோயில் போனால் தெய்வமும் தோற்றது என்பதே அந்தக் காலத்துக் கணக்கு. யூதர்கள் அந்தக் கணக்கை மாற்றிப் போட்டார்கள்: எங்கள் கடவுள் தோற்கவில்லை, உடன்படிக்கையை மீறிய எங்களைத் தண்டிக்கப் பாபிலோனையே கருவியாக்கினார். அப்படியென்றால் அவர் எல்லா நாட்டுக்கும் கடவுள். 'என்னைத் தவிர வேறே தேவன் இல்லை' என்ற குரல் பைபிளில் உள்ள ஏசாயா நூலின் பிற்பகுதியில் அழுத்தந்திருத்தமாக ஒலிப்பது இந்தச் சூழலில்தான். கோயில் இல்லாத ஊரிலும் கைக்கொள்ளக்கூடிய ஓய்வுநாளும் விருத்தசேதனமும் (ஆண்குறியின் நுனித்தோலை நீக்கும் சடங்கு) அடையாளமாக இறுகியதும் இங்கேதான்.

சரி, என் மனதுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவர்கூட இதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நைல் நதியில், அஸ்வானுக்கு எதிரே, எலிஃபன்டைன் தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசுக்காக எல்லை காத்த யூத வீரர்கள் அங்கே குடும்பம் குட்டியோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடிதங்கள், வீட்டுப் பத்திரங்கள், கல்யாண ஒப்பந்தங்கள் அரமேய மொழியில் கிடைத்திருக்கின்றன. மனைவியும் சபையில் எழுந்து நின்று விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். 'யாஹோ'வுக்கு, அதாவது யாவேக்கு, தனிக் கோயில் கட்டியிருந்தார்கள். பலியிடலாம் என்றால் ஒரே இடத்தில்தான் என்று பைபிளின் உபாகம நூல் சொல்லியும்கூட. காணிக்கைப் பட்டியலில் யாஹோவோடு அனாத்-பெத்தேல் என்ற தெய்வத்துக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறது. மோசேயின் பெயர் இந்தத் தாள்களில் ஓரிடத்திலும் இல்லை.

கி.மு. 410இல் பக்கத்திலிருந்த க்னூம் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பூசாரிகள் அதிகாரியைக் கைக்குள் போட்டுக்கொண்டு அந்தக் கோயிலை இடித்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து எருசலேம் இருந்த யூதேயா மாகாணத்தின் ஆளுநருக்கு இவர்கள் எழுதிய மனுவைப் படித்துப் பாருங்கள். செதுக்கிய கல்லால் ஆன ஐந்து வாசல்கள், வெண்கலக் கீல்கள், தேவதாரு மரக் கூரை என்று போனதை எல்லாம் எண்ணி எண்ணிச் சொல்கிறார்கள். அன்றிலிருந்து எண்ணெய் பூசவில்லை, திராட்சரசம் தொடவில்லை, எங்கள் மனைவிமார் கைம்பெண்கள் போல இருக்கிறார்கள் என்று புலம்புகிறார்கள். எருசலேம் தலைமைக் குருவுக்கு முன்பே எழுதினோம், பதிலே இல்லை என்ற குறையும் அதில் இருக்கிறது. கடைசியில் அனுமதி வந்தது. தானியக் காணிக்கையும் தூபமும் செலுத்தலாம் என்கிறது அது. மிருகபலி பற்றி வாயே திறக்கவில்லை. இதில் இல்லாத நாடகமா?

மறுமை பற்றிக் கேட்கிற நேயர்களுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள். எபிரேய வேதத்தின் பழைய பகுதிகளில் நல்லவரும் கெட்டவரும் போய்ச் சேருவது ஷேயோல் என்ற இருண்ட பாதாளம். சொர்க்க வர்ணனை எல்லாம் கிடையாது. உயிர்த்தெழுதல் தெளிவாக வருவது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தானியேல் நூலில். அதற்குப் பிறகும் பரிசேயர் என்ற பிரிவினர் அதை ஏற்றார்கள், சதுசேயர் என்ற பிரிவினர் மறுத்தார்கள். இரு தரப்பும் யூதர்களே.

கி.பி. 70இல் எருசலேமில் திரும்பக் கட்டியிருந்த இரண்டாம் ஆலயத்தையும் ரோமர் கொளுத்தினார்கள். பலியும் பலிபீடமும் போன பிறகு யாவ்னே ஊரில் யோகனான் பென் சக்காய் போன்ற ரபிகள் (யூத மத ஆசான்கள்) கூடி ஜெபத்தையும் படிப்பையும் நடுநாயகமாக்கினார்கள். அந்த வழியில் கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு தொகுக்கப்பட்டது, பிறகு அதை விவாதித்து விளக்கும் தல்மூத். இன்றைய யூத வழிபாடு இந்த ரபிகள் போட்ட பாதையில் நடப்பது. 'பழைய ஏற்பாட்டு மதம்' என்று அதற்கு முத்திரை குத்தினால் இவ்வளவும் அடிபட்டுப் போகிறது.

அடுத்த பாகம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து எலிஃபன்டைனுக்கு ஒரு முழுக் காணொளி ஒதுக்குங்கள். அந்தத் தாள்கள் பெர்லின், கெய்ரோ, புரூக்ளின் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த ஓவியத்துக்குப் பதிலாக அவற்றின் படத்தைத் திரையில் காட்டுங்கள், எந்த அருங்காட்சியகம் என்று கீழே ஒரு வரி போடுங்கள். முதல் ஆளாக நான் பார்த்துவிட்டுப் பின்னூட்டம் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நேயர் ஒருவர்